அவன் குடித்திருக்கவில்லை

துபாயில் ஆறு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு விழுந்தான் என்று அவன் ஊரில் பேச்சு. லீவில் வந்த நான், அது பொய்யென்று சொல்லத்தான் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மீன்சுருட்டிக்குப் போனேன். அது மூன்றாவது தடவை.

டீக்கடையில் அவனுடைய பங்காளி ஒருவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க பாய். சிநேகிதனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களா?"

"அவன் அன்னைக்குக் குடிக்கலைங்க. நான் பக்கத்துலயே நின்னேன்."

"லீவுல வந்தா ரோட்டுல விழுந்து கெடப்பான். அங்க மட்டும் உத்தமனா? சரி, அப்பறம் எப்படி விழுந்தான்?"

"மயக்கம் வந்துருச்சு."

"ஏன் வந்துச்சாம்?"

முதல் இரண்டு தடவையும் இந்தக் கேள்வி வந்ததும்தான் பஸ் ஏறித் திரும்பியிருந்தேன். அவர்மேல் வந்த எரிச்சலைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். அது ரமலான் மாதம். அறையில் நாங்கள் ஐந்து பேர் நோன்பு. அவன் ஒருவன்தான் இந்து. "நீங்கள்லாம் பட்டினி கெடக்கறப்ப எனக்கு மட்டும் சோறு எறங்குமாடா?" என்று அவனும் நோன்பு பிடித்தான். அன்று விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழாமல் தூங்கிவிட்டான். நோன்பை மட்டும் விடவில்லை. வேண்டாமென்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. இதை இங்கே சொன்னால், பாய்மார்கள் சேர்ந்து பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பார்கள். அந்தப் பயத்தில் செத்தவன் பெயர் நாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு சிநேகிதன்!

அவன் அம்மா வாசலில் முந்திரிக்கொட்டையை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. வூட்டுக்குள்ள போய் ஒக்காரு. இவ்வளவு தூரம் எதுக்கு அலையுற? என்னமோ, எம்புள்ள தின்னு குடிச்சு சந்தோஷமா இருந்துட்டுத்தான் போயிருக்கான். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி."

அந்த நிம்மதியைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் இன்னொரு தடவை பஸ் ஏறி வர என்னால் முடியாது.

"இல்லம்மா. அவன் குடிக்கல. எங்களோட நோன்பு இருந்தான். விடியக்காலைலயும் ஒண்ணும் சாப்புடல. வேணாம்னு நான் தடுக்கல. அதான் மயக்கம் வந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப எம்புள்ள வெறும் வயித்தோடவா செத்தான்?"