தொட்டியைச் சுற்றி வந்த பந்து

எங்கள் வீட்டு வாசற்படியைத் தோல் தாண்டக்கூடாது என்பது அப்பாவின் விதி. செருப்பைத் தெருக்கதவுக்கு வெளியே விட்டுக் கால் கழுவித்தான் அவர் உள்ளே வருவார். அலுவலகத்துக்குக் கட்டும் பெல்ட்டைக்கூடத் துணியில் தேடி வாங்கினார். திருநீறும் பதிகமும் கமழும் வீட்டில் செத்த உயிரின் தோலுக்கு இடமில்லை என்பார். எண்பதுகளின் நடுவில் சேலையூரில் மனை வாங்கியபோது, கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு கால்பந்து மைதானம் இருப்பதை அவர் பார்க்கத்தான் செய்தார். கால்பந்து எதனால் ஆனது என்பதுதான் அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

மைதானத்துக்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடுவே கோட்டைச் சுவர் போல உருண்டையான தண்ணீர்த் தொட்டி ஒன்று நின்றது. நேராக உதைக்கும் பந்து அதில் முட்டித் திரும்பியே ஆகவேண்டும். ஆனாலும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு பந்து, தொட்டிக்கு வலப்புறமாக எங்கோ வெளியே போவது போலப் புறப்பட்டு, பாதி வானில் எதையோ நினைத்துக்கொண்டது போல இடப்புறம் திரும்பி, எங்கள் வில்வக் கன்றின் பக்கத்தில் வந்து விழும்.

“கடல்காத்து தள்ளிக்கிட்டு வருது” என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டு, பந்தைத் தொட்டவர் தலைக்குக் குளித்துவிட்டே உள்ளே வரவேண்டும் என்று விதியை நீட்டினார். பிள்ளைகளுக்குத் தீட்டில்லை என்பதால் அந்த வேலை ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கே வந்திருக்க வேண்டும். ஆனால் ஒருநாளும் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை எனக்கு முன்னால் அங்கே நிற்பாள். தட்டச்சுத் தேர்வெல்லாம் முடித்து, பொருந்திவரும் ஜாதகத்துக்காக எங்களோடு காத்திருந்தவள் அவள்.

“நான் எறியறேன் அத்தை. எனக்குக் குளிக்க வேணாம்.”

“உன் கைக்கு அது சுவரைத் தாண்டாது. போய்ப் படி.”

பந்தை இரு கைகளாலும் எடுத்து, சற்று நேரம் மண் துடைத்து, சுவருக்கு மேலே எறிவாள். பிறகு மார்கழிக் குளிரிலும் கிணற்று நீரை முகம் சுளிக்காமல் ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு விளக்கின் முன் அமர்ந்து பாடுவாள். இறைவனைப் பிரிந்த நாயகி நாரையிடமும் கிளியிடமும் தன் நிலையைச் சொல்லியனுப்பும் பாடல்களையே அவள் விரும்பிப் பாடினாள். உடல் மெலிந்து வளை கழன்றது என்னும் இடம் வந்தால் தன் வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொள்வாள். இத்தனை பக்தி நமக்கு எப்போது வாய்க்கும் என்று நான் ஏங்கியதுண்டு.

ஒருமுறை அத்தை கடைக்குப் போயிருந்த வேளையில் பந்து விழுந்தது. அதை அணைத்துக்கொண்டு நானே மைதானத்துக்குப் போனேன். அதை உதைத்தவர் முன்னால் வந்தார். பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர். ஞாயிறு காலைகளில் வெள்ளைச் சட்டையோடு தேவாலயத்துக்குச் சைக்கிளில் போவதைப் பார்த்திருக்கிறேன். என் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

“நீயா எடுத்தாந்த பாப்பா? வூட்ல யாரும் இல்லியா?”

“இருக்காங்க. இது எப்படி வளைஞ்சு வருது?”

அவர் சிரித்தார். ஆனால் தட்டிக் கழிக்கவில்லை. பந்தைத் தரையில் வைத்துக் குந்தினார். “நட்ட நடுவுல அடிச்சா நேராப் போவும். இதோ, வலது ஓரத்துல, பாதத்தோட உள்பக்கத்தால தேய்ச்சாப்ல அடிச்சா, சுத்திக்கினே போவும். சுத்துற பந்து ஒரு பக்கத்துல காத்தோட ஒத்துப் போவுது, இன்னொரு பக்கம் காத்தை எதுத்துக்கினு போவுது. எந்தப் பக்கம் எதிர்ப்பு கம்மியோ, அந்தப் பக்கமா சாயும்.”

“விரலால அடிச்சா?”

“கட்டவிரலால குத்துறது கத்துக்காதவன் வேலை. அது நேராப் போயி எதிலயாவது முட்டும்.” எழுந்தவர், சற்றுத் தயங்கி, “அத்தை பாடறது இங்க வரிக்கும் கேக்குது. நல்லா பாடறாங்கன்னு சொல்லு” என்றார்.

அதை அத்தையிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சத்தமாவா பாடறேன்?” என்று கேட்டாள். மறுநாள் முதல் இன்னும் சற்று உரக்கப் பாடினாள்.

அந்த ஐப்பசியில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்திவந்தது. அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பா சீக்கிரமே மின்தொடர் வண்டி பிடித்து வந்துவிட்டார். கிணற்றடியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பந்து வந்து விழுந்தது. அப்பா நிமிர்ந்து முருங்கை மரத்தைப் பார்த்தார். மழைக்கு முந்தைய புழுக்கம். ஓர் இலைகூட ஆடவில்லை. தொட்டியைப் பார்த்தார். கதவருகே ஓடிவந்து நின்றுவிட்ட அத்தையைப் பார்த்தார். பிறகு, நாங்கள் யாரும் அதுவரை கண்டிராத விதமாக, தம் கையாலேயே அந்தத் தோலை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அத்தை மாடிப்படி ஏறும் ஓசை கேட்டது.

மைதானத்தில் ஆட்டம் நின்றது. அப்பா பந்தை நீட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, இங்கிருந்து எங்க வீட்டுக்கு நேர் வழி இல்லை. நடுவுல தொட்டி நிக்குது. இன்னைக்குக் காத்தும் இல்லை. எங்க நினைச்சாலும் அங்க போட உங்களால முடியும்னா, எனக்கு ஒருதடவை அடிச்சுக் காட்டணும். என் வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வராங்க. அதனால கேக்கறேன்.”

கடைசி வார்த்தைகள் அவருக்கு மட்டுமே கேட்கும்படி தாழ்ந்திருந்தன. மற்றவர்களுக்கு முதற்பாதிதான் கேட்டது, அவர்கள் குதூகலமானார்கள்.

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட? கண்ண மூடிக்கினு போடுவான். காட்டு மச்சான்.”

“போன வாரங்கூட மூணு பேரை நிக்க வெச்சு…”

“சும்மா இர்றா” என்றார் அவர்.

அவர் பந்தை வைத்தார். வழக்கமாக ஓடிவரும் சாய்ந்த கோட்டில் பின்னோக்கி நடந்தார். பூமியிலேயே அந்த வித்தையின் உட்பொருளை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்ற செருக்கோடு அவருடைய வலக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை தொட்டியைப் பார்த்தார். அதற்கப்பால் எங்கள் மாடி தெரியும், அங்கே பார்க்கவில்லை. ஓடிவந்தார். கட்டைவிரல் முனையால் பந்தைக் குத்தினார்.

அது அம்பு போல நேராகப் போய்த் தொட்டியின் வயிற்றில் மோதி, உருண்டு வந்து சாக்கடையில் விழுந்தது.

சுற்றிலும் சிரிப்பு வெடித்தது. “மானத்த வாங்கிட்டியேடா” என்று ஒருவர் அவர் முதுகில் அடித்தார். அவரும் சிரித்தார். “எனக்கு அதெல்லாம் வராது சார். ஏதோ குருட்டாம்போக்குல வந்து வுழுந்திருக்கும். மன்னிச்சுக்குங்க.”

அப்பா அவரை நெடுநேரம் பார்த்தார். இன்னொரு முறை அடிக்கச் சொல்லவில்லை. கைகூப்பினார். தம் வயதில் பாதியே உள்ள ஒருவரை அப்பா அப்படிக் கும்பிட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் கொட்டித் தீர்த்தேன். “அவருக்கு வளைக்கவே தெரியல அத்தை. கட்டவிரலால குத்தறாரு. அது தப்புன்னு எனக்கே தெரியும்.”

அத்தை பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். “கட்டவிரலாலயா? நல்லாப் பார்த்தியா?”

“பக்கத்துல நின்னு பார்த்தேன்.”

தொடுத்த சரத்தை எடுத்துப் போய்ச் சாமிக்குச் சாத்தினாள். அன்று விளக்கின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தாள், பாட்டு வரவில்லை. காஞ்சிபுரத்தார் வந்தார்கள், அவர்கள் கேட்டதற்கெல்லாம் தெளிவாக விடை சொன்னாள். தையில் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில் வாழ்ந்த காலமெல்லாம் ஒரு பந்தும் எங்கள் சுவரைத் தாண்டவில்லை. சனிக்கிழமைகளில் அம்மா நிம்மதியாகத் துணி உலர்த்தினாள்.

அடுத்த கோடையில், கேம்ப் ரோட்டில் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தபோது ஒரு சைக்கிள் என் அருகில் நின்றது. அவர்தான். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிறிது தூரம் என்னோடு நடந்தார். எதையோ கேட்க வாயெடுத்து, பேருந்து ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தார்.

“பாப்பா, அத்தை அங்க பாடறாங்களா?”

முந்தின வாரந்தான் அத்தை வந்து போயிருந்தாள். சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் ஊரார் சிரிக்கும்படி, ஒரு பந்தைக்கூட வளைக்கத் தெரியாத மனிதரோடு எனக்கு என்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் வேகமாக நடந்துவிட்டேன்.