கோச்சியில் போன கிப்லா

போன கிழமை தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கிறதாம், மட்டக்களப்புக்கு இரவு ரயிலில் வரப் போகிறாளாம். "உள்ள என்னென்ன இருக்கும், எதுக்கெல்லாம் ரெடியா வரணும், கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டாள். ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று பெருவிரலை வைத்து அமத்தினேன். எடுத்துப் பார்த்தால் பதினொரு நிமிஷம் போயிருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் உம்மாவின் கதை. "உங்க உம்மா கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் எந்தப் பெட்டியில ஏறணும்?" என்று திருப்பிக் கேட்டாள். கேட்க மாட்டாளா பின்னே! என் வாய் அப்படி.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏறியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. பிரேக் பிடித்துச் சூடான இரும்பு, பழைய ரெக்சின் சீற், யாரோ உரித்த தோடம்பழத் தோல், பெட்டியின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன அறை, எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். அரை மணித்தியாலம் சகித்துக்கொண்டால் பழகிவிடும். ஜன்னலை முழுக்கத் திறக்க வேண்டாம், விடியப்புறம் குளிர் வந்து காதைக் கடிக்கும். ஒரு சால்வை வேண்டும். செருப்பைக் கழற்றினால் எங்கே வைத்தோம் என்று நினைவிருக்க வேண்டும், ரயில் அசைய அசைய அது தன்பாட்டில் நாலு சீற் தள்ளிப் போய் நிற்கும். என் உம்மாவின் ஒற்றைச் செருப்பு பொலனறுவைக்கு முன்னமே அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

பார்த்தீர்களா, உம்மா வந்துவிட்டா. இனி அவவை விட்டுக் கதைக்க ஏலாது.

எங்கள் கல்முனைக்கு ரயில் இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. அதனால் எங்களுக்குக் கோச்சி என்றால் வெறும் வாகனமில்லை, அது ஒரு அதிசயம். கோச்சி என்றுதான் சொல்வோம், ரயில் என்பது பள்ளிக்கூடப் பாஷை. சண்டைக் காலத்தில் அதுவும் வராமல் போய், தண்டவாளத்தில் புல் முளைத்துக் கிடந்தது. சமாதானம் என்று சொல்லி அது திரும்ப ஓடத் தொடங்கிய காலத்தில்தான் எனக்கு அந்தக் கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு அரசாங்க அலுவலகம். வரைபடம் வரைகிற வேலைக்குப் பயிலுநர் வேண்டுமாம். காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சை, பிந்தி வருகிறவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடக் கலை படித்து முடித்து ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், முறுக்குச் சுட்டேன், சட்டை தைத்தேன், எரிச்சலில் தம்பியோடு சண்டை பிடித்தேன். வாப்பா குவைத்தில் இருந்து தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தரம் போ மகள். இது சரிவரல்ல எண்டா அதுக்குப் பொறகு மாப்புள்ள பாக்கிறதுதான். வேலக் கதை வேணாம்." வாப்பா பொல்லாதவர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான். ஆகவே அந்தக் கோச்சியில் நான் மட்டும் ஏறவில்லை, என் முழு ஆயுசும் ஏறியது. பயமா? பயமும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கொழும்பு! கோச்சி! ராத்திரி முழுக்க!

பெண்பிள்ளை தனியப் போகிறதா? உம்மா கிளம்பிவிட்டா. அவ மட்டக்களப்பைத் தாண்டியது கிடையாது. கோச்சியைப் பக்கத்தில் பார்த்ததும் கிடையாது. ஆனால் சாப்பாடு கட்டிய கட்டைப் பார்த்தால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். வாழையிலையில் இடியப்பம், கோழிப் பொரியல், மாசிச் சம்பல், பத்து அவித்த முட்டை, பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி.

"பத்து முட்டை என்னத்துக்கு உம்மா? நாம ரெண்டு பேருதானே."

"கோச்சிக்குள்ள ஆரு ஆரு இரிப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

இருந்தார்கள்தான். எங்களுக்கு நேர் எதிரே மீசை வைத்த, நடுத்தர வயது ஆமிக்காரர் ஒருவர். லீவில் வீட்டுக்குப் போகிறவர் போல, சாதாரண உடுப்பு, ஆனால் பை பச்சை. உம்மா அவரைக் கண்டதும் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டா. அதற்கு முந்திய பத்து வருஷம் அந்தப் பச்சையைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிப் பழகியவர்கள் நாங்கள். கொஞ்ச நேரம் மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வாழைச்சேனை தாண்டி உம்மா பார்சலைப் பிரித்தா. வாசனை பெட்டி முழுக்கப் போனது. அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே இருட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்தார், பாவம். உம்மா என் காதில், "கேளன் புள்ள, திம்பாரா எண்டு" என்றா. என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அவர் வெட்கப்பட்டு, பிறகு மூன்று முட்டை சாப்பிட்டார். எங்கள் பைகளைத் திறந்து பார்த்த கைகளில் ஒன்று, எங்கள் சாப்பாட்டுப் பார்சலுக்குள் போனதை உம்மா ஊர் திரும்பி ஒரு மாதம் எல்லோருக்கும் சொன்னா.

அதற்கு மேல்தான் அமர்க்களம். காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த கோச்சி 'கிறீச்' என்று நின்றது. தூங்கியவர்கள் எல்லாம் எழும்பிவிட்டார்கள். "அலியா! அலியா!" என்று பெட்டிக்குப் பெட்டி சத்தம். ஆனை! தண்டவாளத்தில் ஆனை! எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தோம். நான் உம்மாவின் மடியில் ஏறி மிதித்துத்தான் எட்டிப் பார்த்தேன். என்ஜின் வெளிச்சத்தில் ஒரு பெரிய கறுப்புப் பின்பக்கம், அவ்வளவுதான் தெரிந்தது. வால் ஆடியது. கோச்சிக்கும் அவசரம், எனக்கும் அவசரம், அதற்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லை.

"உம்மா, ஒம்பது மணி!"

"பொறு மகள். ஆனைக்கு உன்ட ஒம்பது மணி தெரியுமா?"

முக்கால் மணித்தியாலம் நின்றது. பிறகு ஏதோ ஒரு சந்தியில் ஏனென்று தெரியாமல் இன்னும் அவ்வளவு நேரம். இறால் வடைக்காரர் மட்டும் சந்தோஷமாக மூன்று தரம் வந்து போனார். நானும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வடை தின்பதுமாக இருந்தேன். கவலை வந்தால் பசிக்கிற வயிறு எனக்கு.

கொழும்புக் கோட்டையில் இறங்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கூரைக்குக் கீழே நின்றதால் கிழக்கு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அது வேறு கதை. அல்ல, அதுதான் கதை. சுபஹுத் தொழுகைக்கு நேரம் போகிறது என்று உம்மா என்னை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓய்வறைக்கு ஓடினா. முகம் கை கால் கழுவி ஒழுச் செய்தாயிற்று. முசல்லாப் பாயையும் விரிக்கப் போயாயிற்று. முகம் வைத்துத் தொழ வேண்டிய கிப்லா எந்தப் பக்கம்?

எங்களூரில் இது ஒரு கேள்வியே இல்லை. கடல் கிழக்கே, வயல் மேற்கே. யாரும் கிழக்கு மேற்கு என்று சொல்வதுகூட இல்லை. "கடப்பக்கம் போ, வயப்பக்கம் திரும்பு" என்றுதான் வழி சொல்வார்கள். தொழுவதென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதுதான், மக்கா முன்னால் இருக்கும். குழந்தைக்கும் தெரியும்.

"கடல் எங்கால எண்டு கேளு" என்றா உம்மா.

வெளியே கூட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்குமாற்றாலேயே காட்டினார். அவ்வளவுதான். உம்மா விளக்குமாறு காட்டிய பக்கத்துக்கு முதுகைத் திருப்பி, தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டா. நானும் பக்கத்தில் நின்றேன். மனமுருகித் தொழுதேன். அந்த வேலையைத் தா ரப்பே, எனக்கு அந்த வேலையைத் தா, நான் வேறொன்றும் கேட்கவில்லை என்று நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்து கெஞ்சினேன்.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்து நிமிர்ந்தால், எங்களுக்கு முன்னால் ஒரு பெண் முசல்லா விரித்து, எங்கள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறா! கொழும்பு ராத்தா ஒருவர். உம்மாவுக்குச் சகிக்கவில்லை.

"ராத்தா, கொஞ்சம் பொறுங்க. நீங்க மாறி நிக்கிறீங்க. கடல் இந்தப் பக்கம்."

"ஓமே. கடல் பக்கம்தானே கிப்லா?"

"அல்லாஹ்வே! கடலுக்கு முதுகக் காட்டியெல்லோ தொழணும்!"

அந்த ராத்தா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தா. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டா. கல்முனை என்றதும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "உங்கட கடல் கிழக்கால. இது மேக்கால உள்ள கடல். நீங்க ரெண்டு பேரும் நல்லாக் கல்முனையப் பாத்துத் தொழுதிருக்கீங்க!"

உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டுக்கு இரண்டு பக்கமும் கடல் இருக்கும் என்பதை அப்போதுதான் அவ நம்பினா. நான் வரைபடம் படித்தவள்! இலங்கையை ஆயிரம் தரம் வரைந்தவள்! எனக்கும் அந்த நிமிஷம் வரை கடல் என்றால் கிழக்குத்தான். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பு அடக்கவும் முடியவில்லை. மூவரும் சிரித்து முடித்து, நாங்கள் திரும்பி நின்று மறுபடி தொழுதோம். உம்மா கேட்டா, "முதல் கேட்ட துஆ போய்ச் சேந்திருக்குமா மகள்?" எனக்கும் அதே கவலைதான்.

பஸ் மாறி ஏறி, வழி தவறி, கேட்டுக் கேட்டு அலைந்து, அலுவலகத்துக்கு ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்க ஓடிப் போய்ச் சேர்ந்தோம். உம்மா வாசலில் இருந்துவிட்டா. மேல் மாடி அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவருக்கு நரைத்த தலை, தமிழ் கொஞ்சம் கதைப்பார். பெரிய ஜன்னல். ஜன்னலுக்குள் நீலமாகக் கடல்.

சான்றிதழ் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. "வடக்கு எங்க? கைய நீட்டிக் காட்டுங்க."

கடலைப் பார்த்து நிற்கிறேன். எங்களூரில் கடலைப் பார்த்து நின்றால் வடக்கு இடது கைப் பக்கம். இடது கை தானாகவே எழும்பியது, சத்தியமாக நான் தூக்கவில்லை. பாதியில் அந்த ராத்தாவின் சிரிப்புக் காதில் கேட்டது. இடது கையைச் சட்டென்று இறக்கி, வலது கையை நீட்டினேன்.

"ஏன் முதல்ல இடது கை?"

"சேர், அது கல்முனைக் கை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. முடிந்தது, மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் கதிரையில் சாய்ந்து விளக்கம் கேட்டார். சொன்னேன். ஓய்வறைக் கதையையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "அந்தக் கல்முனைய வரைங்க. கடல்ல இருந்து வயல் வரைக்கும்" என்றார்.

அதுவா கஷ்டம்? கண்ணை மூடிக்கொண்டு வரைவேனே! கடற்கரை மணல், தோணிகள், மீன் வாடி, முதலாம் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு, பள்ளிவாசல், குறுக்கு ஒழுங்கைகள், எங்கள் வீடு, பிரதான வீதி, அதற்கப்பால் வயல். வடக்கை மேலே வைத்து, கடலை வலது பக்கம் வைத்து, அம்புக்குறியும் போட்டு, ஒரு கோடு அழிக்காமல் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. உம்மா தெரு முழுக்கச் சீனி கொடுத்தா. வாப்பா தொலைபேசியில் அழுதார். நான் துள்ளியதில் வீட்டுக் கட்டில் கால் ஒன்று விலகியது, பொய்யில்லை.

தோழிக்கு இவ்வளவும் சொன்னேன். இதற்கு மேல் குரல் அனுப்பவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இப்போது கைபேசியே கிப்லா காட்டுகிறது, ரயிலும் ஓடத்தான் செய்கிறது, ஆனைகளும் அங்கேதான் நிற்கின்றன. இல்லாமல் போனவை வேறு.

வேலையில் சேர்ந்து சில மாதத்தில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு பிரதான வீதிக்குக் கிட்ட இருந்ததால் உம்மாவும் தம்பியும் தப்பினார்கள். கரைப்பக்கத்து ஆட்கள் தப்பவில்லை. என்னோடு படித்தவர்கள், எங்களுக்கு மீன் தந்தவர்கள், சீனி வாங்கித் தின்ற பிள்ளைகள். கரையோரத்தை அளந்து புதிதாக வரைய வேண்டும் என்று அலுவலகத்துக்கு உத்தரவு வந்தபோது, கல்முனைப் பகுதிக்கான புதுத் தாளை என் மேசையில் வைத்தார்கள். ஊர்ப்பிள்ளை, இடம் தெரியும் என்று. பயிலுநராக இருந்த எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை அது. அளந்தவர்கள் கொண்டுவந்த குறிப்புப் புத்தகத்தில் முதலாம் தெரு இல்லை. இரண்டாம் தெருவில் அத்திவாரம் மட்டும். நான் கெஞ்சிக் கேட்டதைத்தான் அல்லாஹ் தந்திருந்தான். பேனையில் மையை நிரப்பி, அந்த இடங்களை வெறுமையாக விட்டு வரைந்தேன். ஒரு கோடும் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். பிசகினால் இன்னொரு தரம் வரையச் சொல்லிவிடுவார்கள்.