சாய்ந்து கிடந்த மணற்கடிகாரம்

எங்கள் மேலாளருக்கு எந்த வேலையிலும் அவசரம் கிடையாது, தன் முன்னோரின் கல்லறையைத் தவிர. அந்த முன்னோர் இறந்து இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. எனவே அவசரம் நியாயமானதுதான்.

நான் சொல்வது 2004ஆம் ஆண்டின் கோடை. ராஸ் அல் கைமாவில் ஒரு கல் அறுக்கும் ஆலையில், வரைபடப் பிரிவில் இருந்தேன். துபாய் ஓட்டல்களின் குளியலறைகளுக்குப் பளிங்குப் பலகை அனுப்புவது எங்கள் தொழில். வேலை போக மீதி நேரத்தில் நாட்குறிப்பு எழுதுவேன். தண்ணீர் லாரி வராத நாட்கள், தொழிலாளர் கேம்பில் சாம்பார் என்ற பெயரில் வேறு ஏதோ வந்த நாட்கள், எல்லாம் அதில் உண்டு. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டவர்களையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர். அந்த ஆண்டு ஓய்வுபெற்று ஊருக்குப் போகவிருந்தார். அங்கே அவர் குடும்பத்துக் கல்லறையின் மேல் மரம் விழுந்து, கல் இரண்டாக உடைந்துபோய்விட்டதாம். அதேபோல் ஒன்று செய்து, வீட்டுச் சாமான்களோடு கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போவது அவர் திட்டம். ஸ்காட்லாந்திலேயே கல் கிடைக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதவியில் எங்களில் ஒருவரும் இல்லை.

ஆலையில் உளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊரில் கோவில் வேலை பார்த்தவர், இங்கே பலகைகளின் ஓரம் தட்டிக்கொண்டிருந்தார். ஆவணியில் அவருக்குக் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. லீவு விண்ணப்பத்தின் ஓரத்தில் மேலாளர் ஒரே வரி எழுதினார்: கல் முடிந்த பிறகு.

புகைப்படத்தைப் பார்த்து முழு அளவில் வரைவதும், ஒவ்வொரு சின்னத்துக்கும் பொருள் எழுதுவதும் என் பொறுப்பு. அர்த்தம் தெரிந்தால்தான் செதுக்குபவர் நன்றாகச் செதுக்குவார் என்பது மேலாளரின் நம்பிக்கை. மூன்று வெள்ளிக்கிழமைகள் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்தேன். ஒன்பது பக்கங்கள் எழுதினேன். கல்லில் இருந்த ஆண்டின் கடைசி இலக்கம் மழையில் கரைந்துபோயிருந்தது. ஏதாவது ஒன்றைப் போடச் சொன்னார் மேலாளர். ஆதாரம் இல்லாமல் ஓர் இலக்கம்கூடப் போட முடியாது என்று அரை நாள் வாதாடி, அந்த இடத்தை வெறுமையாகவே விடவைத்தேன். அன்று எனக்கு என் மேல் மிகுந்த மரியாதை உண்டானது.

படத்தை மேசையில் விரித்ததும் திருநெல்வேலிக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, இது நம்ம சுடலைல்லா."

மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, மணி, படுக்கைவசமாக ஓர் உடுக்கை. சுடுகாட்டைக் காக்கும் சாமியான சுடலை மாடனைத் தவிர அங்கே வேறு யார் இருப்பார்கள்? மேலே இறக்கையோடு இருந்த முகத்துக்கு மட்டும் சற்று யோசித்தார். மாடனின் கூட வந்த பேச்சியம்மனாக இருக்கும் என்று அதையும் முடித்துவைத்தார். வெள்ளைக்காரன் ஊரிலும் மாடனுக்குக் கல் நட்டிருக்கிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். விரதம் இருந்து, ஒரு சுருட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை உளியை எடுப்பதாகச் சொன்னார்.

நான் அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒன்பது பக்கம் எழுதியவன் எப்படி மூடுவான்? விளக்கினேன். அது உடுக்கை இல்லை, மணற்கடிகாரம்; சாய்ந்து கிடந்தால் ஆயுள் முடிந்தது என்று பொருள். மணி, பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவது. இறக்கை வைத்த முகம், உடலை விட்டுப் போகும் உயிர். மண்டை ஓடு, பார்க்கிற நீயும் நாளை இப்படித்தான் என்பது. எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றே ஒன்று: சாவு வரும்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்பம் நான் தொட மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"மாடன்னா சாமி. சாமியக் கொத்துனா கல்யாணத்துக்கு நல்லது. நீங்க சொல்லுதது வெறும் சாவுல்லா. தாலி கட்டப் போற கையால சாவக் கொத்தச் சொல்லுதியளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?"

ஒன்பது பக்கங்களையும் அடிக்குறிப்புகளோடு மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பத்து நாட்கள் போயின. மேலாளர் விசாரிக்கும்போதெல்லாம், கல்லின் நிறம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவைத்தேன். பெண்ணின் அப்பா ஊரிலிருந்து போன் செய்தபடி இருந்தார். கேம்பில் மாப்பிள்ளையின் அறையில் இருந்த புதுக்கோட்டைக்காரர் ஒரு வழி சொன்னார்: "மாப்ள, ஸ்காட்லாந்துல ஒரு எழவு விழுந்திருச்சு, தேதிய தள்ளி வைங்கன்னு சொல்லிரு." எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண மாப்பிள்ளை சிரிக்கவில்லை, மனதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கன்டெய்னர் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். மறுநாள் உளியை எடுத்தால் கல் முடியும். எடுக்காவிட்டால் லீவு இல்லை, கல்யாணமும் இல்லை.

ஓர் இலக்கத்துக்காக அரை நாள் வாதாடிய நான், அன்று மாலை பத்தாவது பக்கம் ஒன்றோடு கேம்புக்குப் போனேன். மேலும் படித்ததில் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது, இது மாடன்தான் என்றேன். அவர் தாளை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். உண்மையில் அது ஏதோ ஓர் ஓட்டல் குளியலறையின் அளவுப் பட்டியல். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அளவுப் பட்டியல் அவருக்குத் தெரியும். தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்தார்.

"படிச்சவுக தப்ப ஒத்துக்கிட்டா மாடன் ஒண்ணும் செய்ய மாட்டான்," என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சுருட்டு மட்டும் நல்லதாப் பாத்து வாங்கியாங்க."

நல்ல சுருட்டு மேலாளரிடம்தான் இருந்தது. கேட்டேன். எனக்கு நல்ல ரசனை வந்துவிட்டதாக மகிழ்ந்து இரண்டு கொடுத்தார், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாடமும் நடத்தினார். மாடனுக்கு வைக்கும் சாராயத்துக்குப் பதிலாக அவரிடம் விஸ்கி கேட்கத் துணிவு வராததால், சோடா பாட்டிலோடு படையலை முடித்துக்கொண்டோம். அவ்வளவு உயர்ந்த சுருட்டை நெல்லைச் சீமையில் எந்த மாடனும் கண்டிருக்க மாட்டார்.

கல் முடிந்தது. கடைசியாக வரைபடத்தோடு ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. மணற்கடிகாரத்தின் இடுப்பில் ஒரு கயிறு. முறுக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. உடுக்கைக்குக் கயிறு இல்லாமல் எப்படி? மேலாளர் குனிந்து பார்த்து, புகைப்படத்தில் இது இவ்வளவு தெளிவாக இல்லையே என்று வியந்தார். ஆமாம், படம் வெயிலில் மங்கியிருக்கும் என்றேன். கையோடு லீவுத் தாளில் கையெழுத்து வாங்கினேன்.

மறு ஆண்டு மேலாளரிடமிருந்து ஓர் உறை வந்தது. அவர் ஊர் வரலாற்று ஆர்வலர் ஒருவர் அந்தக் கயிற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். வட்டாரத்தில் வேறு எந்தக் கல்லறையிலும் இல்லாத சின்னமாம். காலத்தைக் கட்டி நிறுத்தும் நம்பிக்கையாம். மூலக் கல்லில் தேய்ந்துபோனதைக் கீழைநாட்டுக் கைவினைஞர் கூர்ந்து கண்டு மீட்டெடுத்துவிட்டாராம். பதினோரு அடிக்குறிப்புகள். என்னைவிடக் கவனமானவர். நகல் சரியானதுதான் என்று எழுத்தில் உறுதி கேட்டிருந்தார்கள்.

கல்யாணமாகித் திரும்பியிருந்தவரிடம் முழுவதையும் படித்து, தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்க சுருட்டு வைக்காவளா அண்ணாச்சி?"

வரைபடத்தில் இருந்த எதையும் சிற்பி விட்டுவிடவில்லை என்று பதில் எழுதினேன். அது முழு உண்மை. தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினேன்.