சௌத்ரி சாகிப் தூக்கிய பெட்டிகள்

1979இல் சிட்னியின் மேற்குப் பகுதித் தமிழர்களுக்கு ஒரு தலைவன் தேவைப்பட்டான். அவர்களில் எவரும் இதை உணராததால் நானே உணரவேண்டியதாயிற்று.

எங்கள் சங்கத்தில் நாற்பது உறுப்பினர்கள். தலைவர் பதவிக்கு டூங்கபியில் குடியிருந்த இரத்தினசிங்கமும் நார்த்மீட்டில் குடியிருந்த வெங்கட்ராமனாகிய நானும் போட்டி. தோற்பதற்கு வழியே இல்லை. ஜெயித்துவிட்டதாக மதராஸிலுள்ள மாமனாருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன்.

நல்லவேளையாக, பரமட்டாவில் நான் குமாஸ்தாவாக இருந்த மெத்தைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைக்கும் பிரிவில் ஒரு தேர்தல் நிபுணர் இருந்தார். சௌத்ரி நியாமத் அலி, பாகிஸ்தான் தேசிய சபையின் முன்னாள் உறுப்பினர். 1977 மார்ச்சில் வென்றார். ஜூலையில் ராணுவம் சபையைக் கலைத்தது. அந்த நான்கு மாதத்தில் நான்கே நிமிடம் பேசி, தன் ஊர்க் கால்வாய்க்கு ஒரு பாலம் கேட்டார். பாலம் வரவில்லை, போலீஸ் வந்தது. மைத்துனர் வீட்டை நம்பி சிட்னிக்கு வந்துவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில், எங்கள் இருவருக்கும் சம அளவில் வராத ஆங்கிலத்தில், ஆலோசனை கேட்டேன்.

"வெங்கட் மியான், எங்க தொகுதியில எந்த வீட்ல சாவு விழுந்தாலும் முதல் ஆளா நிப்பேன். தோள் கொடுப்பேன். ஓட்டுங்கிற வார்த்தை மட்டும் வாயில வராது."

"இங்க யாரும் சாகமாட்டேங்கிறாங்களே, சாகிப். பாதிப் பேரு டாக்டருங்க."

ரொட்டியை மென்றபடி யோசித்தார். "போறவங்க இல்லேன்னா வர்றவங்க இருக்காங்கல்ல? ஏர்போர்ட்டுக்குப் போவோம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே என் அரசியல் பயணம் அவருடைய பழைய ஹோல்டன் காரில் தொடங்கியது. ஆறு மாதத்தில் பதினொரு குடும்பங்களை வரவேற்றோம். ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாத அந்த மனிதர், குத்துவிளக்கு முதல் இட்லிப்பானை வரை தோளில் சுமந்தார். நான் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, டூங்கபி வரும்வரை என் தகுதிகளை விளக்கினேன். தூங்கிவிட்டவர்களுக்கு, எழுப்பி விளக்கினேன்.

"ஓட்டுப் பேச்சு வேணாம்னு சொன்னேனே, மியான்?"

"இவங்க படிச்சவங்க, சாகிப். எடுத்துச் சொன்னாத்தான் புரியும்."

தேர்தல் அன்று, புதிதாக வந்தவர்களை வரிசையாக நிறுத்தினேன். செயலாளர் சிறிதரன் விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஓராண்டு உறுப்பினராக இல்லாதவருக்கு வாக்குரிமை கிடையாது. இரத்தினசிங்கம் ஆள் சேர்த்துவிடக் கூடாதே என்ற தொலைநோக்கில், முந்தைய ஆண்டு அந்த விதியை எழுதியவன் நான்தான்.

பழைய உறுப்பினர்கள் மட்டும் வாக்களித்தார்கள். இரத்தினசிங்கத்துக்கு முப்பத்தொன்று; எனக்கு, என் மனைவி பத்மாவின் வாக்கும் சேர்த்து, ஒன்பது. பழைய உறுப்பினரான யாழ்ப்பாணத்துச் சத்தியபாமா அக்காவை வாசலிலேயே மடக்கினேன்.

"சத்தியபாமா அக்கா, உங்க தம்பி குடும்பத்தை நான்தானே கூட்டிக்கிட்டு வந்தேன்?"

"ஓம், வந்தனீங்கள். பெட்டி தூக்கினது அந்த பாகிஸ்தான் ஐயா. நீங்கள் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்!"

அதோடு விட்டாரா? சௌத்ரி சாகிபைச் சங்கத்தின் கௌரவப் போஷகராக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். என்னைத் தேற்றுவதற்காக வெளியே காரில் காத்திருந்தவரைக் கைதட்டி உள்ளே அழைத்துவந்தார்கள்.

சாகிப் நான்கு நிமிடம் பேசினார். கார் வைத்திருப்பவர்கள் முறைவைத்து ஏர்போர்ட்டுக்கு வரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு சபையில் அவர் கேட்டு, கிடைத்தது அதுதான் முதல் முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், என் காரணம் வேறு.

மறுநாள் மாமனாருக்கு எழுதினேன்: "தங்கள் ஆசியால் எங்கள் கூட்டணி ஏகமனதாக வெற்றி."