என் காலை நடையும் என் வீட்டுக்காரரின் பைக்கும்

இன்று காலை ஆறு மணிக்கு எருத்தேன்பதி வாய்க்கால் ரோட்டில் நடக்கப் போனேன். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் பதினாறு கிலோ கூடிவிட்டது.

பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பெரியம்மா மகள் சரசக்கா ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, இந்நேரத்துல எங்க நடந்து போற? ஏறு.”

“நடக்கத்தானுங்கக்கா வந்தேன். எடையைக் கொறைக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க.”

“அவருக்கென்ன தெரியும்? கீமோ போட்டப்ப எலும்புந்தோலுமாக் கெடந்தே. இப்பத்தான் ஒடம்பு தேறி லட்சணமா இருக்கற. அதையுங் கரைக்கோணுமா?”

பிழைத்து வந்தவள் குண்டாக இருந்தால்தான் இவர்களுக்கு நம்பிக்கை வரும்.

நான் ஏறவில்லை. அக்கா அங்கேயே நின்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

மதகைத் தாண்டுவதற்குள் அவர் பைக்கில் வந்துவிட்டார்.

“ஏறு. பொண்டாட்டிய நடக்க உட்டுட்டு நாம்பாட்டுக்குத் தூங்கறேன்னு ஊரே பேசுது.”

ஊர் என்றால் சரசக்கா ஒருத்தர்தான். ரோட்டில் சண்டை வேண்டாம் என்று ஏறித் தொலைத்தேன்.

போன மாதம் கோயமுத்தூரில் டாக்டர், “பழக்கத்தையெல்லாம் மாத்திக்கத் தயாரா?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார்.

“எங்கீங்க டாக்டர், எத்தனை சொன்னாலும் இவ நடக்கவே மாட்டேங்கறாளுங்க.”

அதே வாய். அதே மனிதர்தான் இன்று என்னை நடுரோட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினார். உள்ளே மாமியார் எனக்காக நெய் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாளைக்கும் ஆறு மணிக்குக் கிளம்புவேன். பைக் சாவியை எங்கே ஒளித்துவைப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.