காற்றை நம்பாத ஜெனீற்றா

வீட்டுக்குள் கால் வைத்ததும் ஜெனீற்றா முதலில் சுவரைத் தட்டுவாள். வீட்டுக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுவதற்குள், விரல் மொளியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு குசினிவரை போயிருப்பாள். தேங்காய் வாங்குகிறவர்கள்போலக் காதை ஒருபக்கம் சாய்த்திருப்பாள். திரும்பி வந்த பிறகுதான் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். "முன்னுக்கு புளொக் கல்லு, பரவாயில்லை. நடுவில கிடக்கிறது பழைய கடல் முருகைக்கல்லு. உதுக்குள்ளால வைபை வராது. அந்தோனியாரே வந்தாலும் சுத்தித்தான் வருவார்."

ஊர்காவற்றுறைக்காரி. நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடையில் சில காலம் வேலை செய்தவள், பழகிய கையோடு ஊருக்குத் திரும்பி, வீடுகளுக்கு வைபை பூட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். புருஷன் யாகப்பு கடலுக்குப் போகிறவர். குடும்பம் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், "அந்தாள் விடிய வந்து படுக்கும், நான் விடிய வெளிக்கிடுவன். சண்டை பிடிக்க நேரமில்லை, அதால நல்லாப் போகுது" என்பாள்.

அவளுடைய ஸ்கூட்டியைத் தீவுப்பகுதியில் எல்லாருக்கும் தெரியும். காலடியில் வயர்ச் சுருள், பின்சீற்றில் குறுக்காகக் கட்டிய மடக்கு ஏணி. எதிரே வருகிற பஸ் சாரதிகள் ஏணிக்குப் பயந்து ஒதுங்குவார்கள். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வேலை என்றால் ஸ்கூட்டியைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டு, சுருளை மடியில் வைத்துக்கொண்டு படகில் இருப்பாள். ஏணியைத் தூக்கித் தரப் படகுக்காரர் முணுமுணுத்தால், "அண்ணை, உங்கட வீட்டிலயும் ஒருநாள் நெற் நிக்கும்" என்று அமைதியாகச் சொல்வாள். மனிதர் ஏணியை வாங்கி உள்ளே வைப்பார். வயரைச் சன்னல் கம்பிகளில் கட்டுவதற்கு அவள் பாவிப்பது யாகப்புவின் வலை நூல். பிளாஸ்ரிக் கிளிப் உப்புக்காற்றுக்கு நிற்காதாம். வலை நூல் ஏன் இப்படி முடிகிறது என்று யாகப்பு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது இங்கே எழும்புகிற வீடுகள் எல்லாம் பெரிய வீடுகள். ரவுட்டர் முன்னறையில் இருந்தால், பின்னறையில் கோல் எடுக்கிறவர் 'ஹலோ, ஹலோ' என்று வளவுக்கு ஓடவேண்டியதுதான். அதற்குத்தான் இந்த மெஷ் பெட்டிகள் வந்தன. முதற்பெட்டி லைனோடு இருக்கும். மற்றவற்றை வீட்டின் வேறு இடங்களில் வைத்தால், ஒன்றிலிருந்து மற்றது இணையத்தை வாங்கி அந்தந்த இடத்துக்குக் கொடுக்கும். வாங்குவதைக் காற்று வழியாகவும் வாங்கலாம், வயர் வழியாகவும் வாங்கலாம். பெட்டி விற்கிறவர் காற்று போதும் என்கிறார். ஜெனீற்றா வயர் வேண்டும் என்கிறாள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

"முதல் பெட்டி தாய், மற்றது பிள்ளை" என்று விளங்கப்படுத்துவாள். "பிள்ளை காத்தால வாங்கினா அதின்ர பாதி மூச்சு தாயைக் கேக்கவே போயிடும். மிச்சப் பாதியிலதான் உங்களோட கதைக்கும். வயர் குடுத்தா முழு மூச்சும் உங்களுக்கு. பிறகு உங்கட இஷ்டம்." 'உங்கட இஷ்டம்' என்று அவள் சொல்கிற விதத்தில் நமக்கு இஷ்டமே இல்லாமல் போய்விடும்.

நானும் இஷ்டப்பட்டுப் பார்த்தவன்தான். புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரில் வயர் ஓடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். "சரி, வடிவாக் கிடக்கட்டும்" என்று சொல்லி, காற்று வழியிலேயே இணைத்துவிட்டுப் போனாள். அந்தக் கிழமையே நான் ரெலிபோன் எடுத்தேன். வந்தவள் ஏணியை விரித்து, என் புதுப் பெயின்ற்றுக்கு மேலால் வயரை இழுத்துவிட்டு, கீழே நின்று பார்த்து, "இதுவும் வடிவாத்தான் கிடக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அன்றிலிருந்து நெற் ஒருநாளும் நின்றதில்லை, சொல்லத்தான் வேண்டும்.

அவள் எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். அனலைதீவில் அல்போன்சம்மா வீட்டில் நடந்ததை அவளே சொல்லிச் சிரிப்பாள். திரு இருதயப் படத்துக்குக் கீழே எந்நேரமும் எரிகிற சிவப்பு பல்ப் இருக்கிறதல்லவா, அந்தப் பிளக்கில்தான் பிள்ளைப் பெட்டியையும் செருகினாள். அந்த பல்ப்பை யாரும் அணைக்கமாட்டார்கள், அதைவிடப் பாதுகாப்பான இடம் எது என்பது அவளுடைய கணக்கு. பெரிய வெள்ளி வந்தது. ஆண்டவர் இறந்த நாள் என்று அல்போன்சம்மா வழக்கப்படி பல்ப்பை நிறுத்தினார். வீட்டில் பாதிக்கு நெற் போய்விட்டது. படகேறிப் போய்ப் பார்த்தவள், "உயிர்ப்புப் பூசை முடியுமட்டும் உங்கட நெற்றும் உயிர்க்காது, பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தாள். பெரிய வெள்ளியில் வேலை செய்ய அவளுக்கும் மனமில்லை.

இவள் காற்றை நம்பியதை ஒரே ஒரு தடவை கண்டேன். என் வீட்டுப் பெயின்ற்றுக்காகச் செய்ததை நம்பிக்கை என்று சொல்ல ஏலாது. நான் சொல்வது புளியங்கூடலில் மார்க்கண்டர் காலமானபோது நடந்தது.

மார்க்கண்டர் எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரே மகன் பிரதாபன் பிரான்சில். விசா வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. கொள்ளி வைப்பதற்குப் பெறாமகன் முறையான தம்பி மகன் ஒருவனை ஒழுங்கு செய்தார்கள். மூத்த மகள் நிலாந்தினியிடம் பிரதாபன் ரெலிபோனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கொள்ளி வைக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கேல்லை அக்கா. அப்பா தெருப்படலை தாண்டுற மட்டும் நான் பாக்கவேணும். இடையில நிண்டுடக் கூடாது." இதை அவளே எனக்குச் சொன்னாள்.

பிரேதம் அடுத்தநாள் காலையில்தான் வீட்டுக்கு வர இருந்தது. முதல்நாள் பின்னேரமே ஜெனீற்றாவைக் கூப்பிட்டார்கள். தாய்ப்பெட்டி பின்னறையில் இருந்தது. முற்றத்துப் பந்தலில் ஒரு பிள்ளைப் பெட்டி வைக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஹோல். அவள் சுவரைத் தட்டிப் பார்த்து, வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மார்க்கண்டரின் மனைவி சறோஜினிதேவியின் தமையனார் வாசலில் மறித்தார்.

"செத்தவீட்டில ஆணி அடிக்கிறதோ? உமக்கென்ன விசரே?"

"ஆணி வேண்டாம் ஐயா, கட்டுவன்."

"வயரும் வேண்டாம். நாளைக்குச் சனம் தடக்கி விழும். காத்தால வாற சாமான்தானே, காத்தால வரட்டும்."

வேறு வீடு என்றால் அவள் நின்று வழக்காடியிருப்பாள். சறோஜினிதேவி ஒரு மூலையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தாள். சுருளைக் கீழே வைத்தாள். பந்தல் தூணில் பெட்டியைக் கட்டி, காற்று வழியே இணைத்து, கைத்தொலைபேசியோடு முற்றமெல்லாம் நடந்து பார்த்தாள். படம் துள்ளாமல் ஓடியது. "நல்லாத்தான் நிக்குது" என்று என்னிடம் சொன்னாள், தன் வாயால்.

காலையில் பிரேதப்பெட்டியைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தார்கள். ஊர் திரண்டது. வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் சனம் வந்துகொண்டே இருந்தது. ஹோலில் நிற்க இடமில்லை. பறை முழங்க, ஐயர் முற்றத்தில் கிரியையைத் தொடங்கினார். நிலாந்தினி பந்தலுக்குள் நின்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் பிரதாபனின் முகம் வாய் பாதி திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. "அக்கா... தெரியேல்... அப்பா..." என்று குரல் துண்டு துண்டாக வந்து, பிறகு அதுவும் இல்லை. வைபையை விட்டு சிம் டேட்டாவுக்கு மாற்றிப் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப்பேர் வெளிநாட்டுக்கு லைவ் காட்டிக்கொண்டிருந்ததில் அதுவும் இழுக்கவில்லை.

ஜெனீற்றா பந்தல் தூணைப் பார்த்தாள். பெட்டியில் சிவப்பு வெளிச்சம். ஹோலைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, மாதாவே! நான் சுவரை எண்ணினனான், சனத்தை எண்ணேல்லை" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெறும் வீட்டில் ஓடிய சிக்னல், இத்தனை உடம்புகளைத் தாண்டி ஓடாது. ஆள் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராம், தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடுமாம், பிறகொருநாள் சொன்னாள்.

அப்போது சொல்ல நேரமில்லை. ஸ்கூட்டிக்கு ஓடிப்போய்ச் சுருளோடு வந்தாள். வாசலில் மறுபடி அதே தமையனார்.

"ஐயா, பிழை என்ர. நேற்று நீங்கள் பேசினாலும் நான் போட்டிருக்கவேணும். இப்ப போடாட்டி அவன் தேப்பனைக் காணமாட்டான்."

அவர் வாசலைவிட்டு விலகினார். பிறகு ஆட்களை இரண்டு பக்கமும் தள்ளி, அவளுக்குத் தானே வழி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டைச் சுற்றிக் கொண்டுபோக வயரின் நீளம் காணாது. பின்னறைத் தாய்ப்பெட்டியிலிருந்து ஹோல் வழியாக, அழுதுகொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேலால், சன்னலுக்குச் சன்னல் கட்டிக்கொண்டு வந்தாள். முன் சன்னலால் வெளியே எடுத்தாள். சன்னல் வாசலுக்கு இடப்பக்கம், பந்தல் தூண் வலப்பக்கம். நடுவில் பிரேதம் போகிற வழி. வயர் அந்த வழிக்குக் குறுக்காகத் தொய்ந்து, ஆட்களின் நெஞ்சு உயரத்தில் கிடந்தது. நடுவில் தூக்கிக் கட்ட ஒன்றுமில்லை.

வயர் முனைக்குச் செருகு கிளிப் அடித்துத் தூணில் இருந்த பிள்ளைப் பெட்டியில் செருகினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"அக்கா, வந்திட்டுது! அப்பாட்டைக் கொண்டு போங்கோ, கெதியா!" என்று ஜெனீற்றா கத்தினாள்.

நிலாந்தினி கைத்தொலைபேசியோடு உள்ளே ஓடினாள். தகப்பனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிரதாபன் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடித் தூக்கினார்கள். சறோஜினிதேவியின் அழுகை ஓடு பிரிந்துவிடும்போல எழுந்தது. பெட்டி வாசலுக்கு வரும்போது, ஜெனீற்றா வழியோரம் ஆட்கள் இருப்பதற்குப் போட்டிருந்த ஒரு மர வாங்கில் ஏறி, குறுக்கே தொங்கிய வயரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். குள்ளமான பெண். குதிக்காலை உயர்த்தித்தான் நிற்க முடிந்தது.

"குனிஞ்சு வாங்கோ, வயரில முட்டாதேங்கோ" என்று தூக்கி வந்தவர்களிடம் தமையனார்தான் சொன்னார்.

பெட்டி அவள் கைகளுக்குக் கீழால் போனது. அதன்பின் பந்தம் பிடித்தவர்கள், ஆண்கள், தலைவிரித்து ஓடிவந்த பெண்கள். பெண்கள் வழக்கப்படி தெருப்படலையோடு நின்றார்கள். நிலாந்தினி எல்லாருடைய தலைக்கும் மேலாகக் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினாள். பெட்டி படலையைத் தாண்டியது. அந்தச் சின்னக் கருவிக்குள்ளிருந்து "அப்பா... என்ர அப்பா..." என்று ஓர் ஆண்பிள்ளையின் அழுகை முற்றமெல்லாம் கேட்டது. தெளிவாக, ஒரு துண்டும் அறாமல் கேட்டது.

வாசலில் ஜெனீற்றா மட்டும் வாங்கின்மேல் நின்றாள். கண்ணீர் அவள் கன்னத்தால் வழிந்துகொண்டிருந்தது. வயரை இறக்காமலே, தூக்கியிருந்த கையின் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.