வெள்ளைப் பூ தெரிந்த பிறகு

களை பிடுங்குகிறவனை எந்த ஊரிலும் களை வளர்ந்த பிறகுதான் நினைப்பார்கள். புனேயில் அது பூத்த பிறகுதான் நினைத்தார்கள். குனிந்தே முதுகு போனவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது பிடுங்குவது

புனே ஓரத்து ஹிஞ்சேவாடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு கம்பெனி வளாகத்தில் எனக்குக் களை எடுக்கிற வேலை. களை என்றால் அங்கே ஒன்றுதான், பார்த்தீனியம். இலை கேரட் இலை போல இருப்பதால் மராத்தியில் காஜர் கவத். மாடு வாய் வைக்காது. முதல் மழைக்குத் தரையோடு தட்டாகப் படர்ந்திருக்கும். அப்போது இழுத்தால் வேரோடு வந்துவிடும். பிறகு தண்டு எழும்பிக் கிளைவிட்டு, உடைந்த அரிசி போல வெள்ளைப் பூ பூக்கும். அதற்கப்புறம் தொட்டால் நாமே விதை தூவுகிற மாதிரி.

தட்டாக இருக்கும்போதே எங்களை இறக்கச் சொல்லி சூப்பர்வைசர் ஜாதவிடம் கேட்டேன். அவன் மேலே மாடி ஜன்னல்களைக் காட்டினான். "பச்சையா இருந்தா புல்வெளின்னு நினைச்சுக்கிறாங்க அண்ணா, வெள்ளையானாத்தான் எனக்கு போன் வருது."

கையுறை

இரண்டாவது மழைக்காலத்தில் மணிக்கட்டில் தொடங்கிய அரிப்பு கழுத்துக்கு ஏறியது. இமை வீங்கிக் கண் திறக்கவில்லை. தோல் தடித்து வெடித்தது. நான் குடியிருந்த சாங்வியில் வீட்டுப் பக்கத்து டாக்டர், அந்தச் செடியின் சுணையும் பூந்தூளும் உனக்கு ஆகாது, கிட்டவே போகாதே என்றார். போகாமல் எப்படிச் சாப்பிடுவது?

ஜாதவிடம் கையுறை கேட்டேன். ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் போடும் பிளாஸ்டிக் உறை வந்தது, மத்தியானத்துக்குள் கிழிந்தது. மறுபடி கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் சொன்னான். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. "கூட களை எடுக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் ஒண்ணும் வரல, உனக்கு மட்டும் எப்படி வருது?"

மெஷின்

பிறகு வெட்டுகிற மெஷின் வந்தது. இனி ஜாதவ் என்னை ஹோஸ் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போடுவான் என்று நம்பினேன். அந்த வேலைக்குத் தன் மச்சினனைக் கொண்டுவந்தான். மெஷின் தண்டைத்தான் அறுத்தது. அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, கணுக்கால் உயரத்திலேயே மறுபடி பூத்தது. பறந்த தூளெல்லாம் என் முகத்தில்.

கூட வேலை பார்த்த சேலத்து முனியம்மா, அறுத்ததைக் கூடையில் வாரிக்கொண்டே சொன்னாள். "இது வெட்ட வெட்ட வருது, அந்த ஜாதவ் சொல்லச் சொல்லக் கேக்கமாட்டேங்கிறான். ரெண்டும் ஒரே ரகம்ண்ணே."

பூங்கொத்து

கடைசியில் விரலை மடக்க முடியாமல் போனது. ஜாதவ் என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டான். ஆபீசில் யாருக்கோ மனசு கேட்கவில்லை போலும். போர்ட்டிகோவில் நிற்கவைத்துக் கை தட்டினார்கள். ஜாதவ் கடையிலிருந்து பூங்கொத்து வாங்கி வந்திருந்தான். நடுவில் நாலைந்து ரோஜா. சுற்றிலும் கடைக்காரன் காசில்லாமல் பறித்து நிரப்பியிருந்தது அதே வெள்ளைப் பூ.

நான் கை நீட்டவில்லை. போட்டோவுக்காக அவனே என் நெஞ்சில் அழுத்தி வைத்தான். படம் எடுத்தது அந்த ஆபீசில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எனக்காகத் தமிழில் யோசித்து யோசித்துச் சொன்னாள். "அங்கிள், ரோஸ் சீக்கிரம் காஞ்சிடும். அந்த ஒயிட் பூ ரொம்ப நாள் இருக்கும்."

அந்தப் பெண் சொன்னது அப்படியே பலித்தது: ரோஜா மறுநாளே வாடிப்போனது, வெள்ளைப் பூ இன்றைக்கும் மழைக்கு மழை என் கையில் சிவந்து எழும்புகிறது.